பல்லாங்குழியில் ஒரு குன்றிமணி குறைகிறது, தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்

ஈசூன் தேன்மொழி · சனி, மாலை 5.42

கை நடுங்குகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பல்லாங்குழிப் பலகை அலமாரியில் துணிப்பைக்குள் கிடந்தது. மதியம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் அதை எடுத்துத் தனியாக விளையாடியிருக்கிறாள். ஏழு வயது, தொடக்கநிலை ஒன்று. காய்கள் எல்லாம் குன்றிமணி. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து, ஆக எழுபது. பையைத் திறந்து கொட்டிக் கொட்டி மூன்று முறை எண்ணிவிட்டேன். அறுபத்தொன்பதுதான் வருகிறது. சோபாவுக்கு அடியில், மெத்தை இடுக்கில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் எல்லாம் தேடியாகிவிட்டது.

“குன்றிமணியை நான் எடுக்கவே இல்லை” என்று அழுகிறாள். வாயில் போட்டாயா என்று கேட்டால் தலையை ஆட்டுகிறாள். அது ஆமாவா இல்லையா என்று பெற்றவளுக்கே புரியவில்லை. அம்மா கிள்ளானில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறார், தொலைபேசியை எடுக்கவில்லை. குன்றிமணி விஷம் என்று எப்போதோ படித்த நினைவு. உண்மைதானா? பிள்ளையாருக்கே கண்ணாக வைக்கிறோமே?

மருந்தாளர் குமரன் · சனி, மாலை 5.47

அக்கா, உண்மைதான். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு நேராகப் போங்கள், பக்கத்து மருந்தகத்தில் வரிசையில் நிற்க வேண்டாம். மீதி விதைகளில் இரண்டு மூன்றை ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், முட்டை வெள்ளை, யார் என்ன சொன்னாலும் கொடுக்காதீர்கள். வழியில் குழந்தைக்கு மயக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் 995.

ஓர் ஆறுதல்: கடிக்காமல் முழுதாக விழுங்கியிருந்தால் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். ஓடு அவ்வளவு கெட்டி. ஆனால் கடித்தாளா இல்லையா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

ஈசூன் தேன்மொழி · சனி, மாலை 5.49

டாக்சி வந்துவிட்டது.

புக்கிட் பாத்தோக் பாலா · சனி, மாலை 6.05

குமரன், எதற்கு இப்படி ஒரு தாயைப் பதறவைக்கிறீர்கள்? அந்தச் சிவப்பு விதையைப் பொறுக்காத சிங்கப்பூர்ப் பிள்ளை உண்டா? எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே மரம் நின்றது. பள்ளி விட்டதும் கால்சட்டைப் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு மேலே போவோம். நூறு சேர்த்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். நான் அதை வாயில் போட்டுச் சப்பியிருக்கிறேன். நாற்பத்தாறு வயதாகிறது, கல் மாதிரி இருக்கிறேன்.

மருந்தாளர் குமரன் · சனி, மாலை 6.31

பாலா அண்ணே, நீங்கள் பொறுக்கியது வேறு, இது வேறு. இந்தக் குழப்பம்தான் ஆளைக் கொல்கிறது.

நீங்கள் சொல்வது சாகா மரம். நம் ஊரில் மஞ்சாடி, ஆனைக்குன்றிமணி என்பார்கள். நெடுநெடுவென்று வளரும் மரம். காய் முற்றியதும் நெற்று முறுக்கிக்கொண்டு பிளந்து விதையைக் கீழே கொட்டும். விதை முழுக்க ஒரே சிவப்பு, சற்றுத் தட்டை, இதயம் போல ஒரு பக்கம் லேசாகக் கூம்பியிருக்கும். அதையும் பச்சையாகத் தின்னக் கூடாது. ஆனால் சப்பிப் பார்த்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

குன்றிமணி கொடியில் காய்ப்பது. இலை புளிய இலையைப் போல இருக்கும். விதை மஞ்சாடியைவிடச் சிறியது, உருண்டை, ஒரு முனையில் மை தொட்டு வைத்தது போலக் கறுப்பு. அந்தக் கறுப்புக்காகத்தானே பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறார்கள்.

அதற்குள் இருக்கும் நஞ்சின் பெயர் அப்ரின். உடம்பில் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் புரதம் செய்கிற பட்டறை ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்ரின் உள்ளே புகுந்து அந்தப் பட்டறையைப் பூட்டிவிடும். பூட்டியது உடனே வெளியே தெரியாது. சில மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேல்கூட, பிள்ளை சாதாரணமாக விளையாடிக்கொண்டிருக்கும். அதன் பிறகுதான் வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்தம் எல்லாம். மாற்று மருந்து என்று ஒன்று இல்லை. நீர்ச்சத்து குறையாமல் பார்த்து, உறுப்புகளைத் தாங்கிப் பிடித்து, உடம்பே மீண்டு வரக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஓடு முழுதாக இருக்கும்வரை நஞ்சு உள்ளேயே கிடக்கும். கைவளையல் கோக்க ஊசியால் துளைத்தவுடன் அந்தக் காவல் போய்விட்டது. 2011இல் இங்கிலாந்தில் ஈடன் புராஜெக்ட் என்கிற பெரிய தாவரத் தோட்டம், தன் கடையில் விற்ற சிவப்பு விதைக் கைவளையங்களை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று வாங்கியவர்களைக் கேட்டுக்கொண்டது. தாவரம் தெரிந்தவர்களுக்கே அந்த நிலை.

புக்கிட் பாத்தோக் பாலா · சனி, மாலை 6.40

சரி, வாயை மூடிக்கொள்கிறேன். இத்தனை வருடம் இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். தேன்மொழி, தகவல் சொல்லுங்கள்.

இழை மேற்பார்வையாளர் · சனி, மாலை 6.52

ஒரு வேண்டுகோள். எந்த விதை, எத்தனை, எவ்வளவு அரைத்தால் என்ற கணக்கெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு பதிவை ஏற்கெனவே நீக்கியிருக்கிறேன். அடையாளம், முன்னெச்சரிக்கை, சொந்த அனுபவம் ஆகியவற்றை எழுதுங்கள்.

துவாஸ் முருகன் · சனி, இரவு 7.20

சகோதரி நல்லபடியாகத் திரும்பி வரட்டும். எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக இருக்கிறது, கேட்டுவிடுகிறேன்.

எங்கள் தங்குவிடுதியிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழியில் சாலையோரமாக மரங்கள் வரிசையாக நிற்கின்றன. மாவிலையைப் போலவே இலை, வெள்ளைப் பூ, பூவின் நடுவில் மஞ்சள். காய் பச்சை மாங்காயைப் போலவே அளவும் வடிவும். புதுக்கோட்டைக்காரன் கண்ணில் மாங்காய் பட்டால் சும்மா போவானா? இரண்டு காயைப் பறித்து வந்தோம். அறை நண்பன் உப்பும் மிளகாய்த்தூளும் தட்டில் எடுத்து வைத்துவிட்டான். நான் கத்தியை வைத்தேன். வெள்ளைவெளேரென்று பால் வழிந்தது. மாங்காய் வாசம் இல்லை, புளிப்பு வாசம் இல்லை. உள்ளே தேங்காய் மட்டையைப் போல நார்.

அதற்குள் கதவோரம் போய்க்கொண்டிருந்த மலையாளி அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் தட்டையே தட்டிவிட்டார். “ஒதளங்காடா அது, ஒதளங்கா!” என்று கத்தினார். கத்தியை மூன்று முறை கழுவச் சொன்னார். அன்றிரவு சோறு யாருக்கும் இறங்கவில்லை. அது என்ன மரம்?

மருந்தாளர் குமரன் · சனி, இரவு 7.38

தம்பி, அந்த மலையாளி அண்ணனுக்கு ஒரு நாள் பிரியாணி வாங்கிக் கொடுங்கள்.

இங்கே அதைப் பொங் பொங் மரம் என்பார்கள். தமிழில் உதளை, காட்டரளி. பெயரிலேயே அரளி இருக்கிறது பாருங்கள், அரளிக் குடும்பமேதான். கொட்டையில் உள்ள நஞ்சு நேரே இதயத்தின் துடிப்பில் கை வைக்கும். கேரளத்தில் காயல் கரையெல்லாம் இந்த மரம் உண்டு. அங்கே அதன் பெயரைச் சொன்னாலே வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள். இங்கே நிழலுக்காகவும் பூவுக்காகவும் சாலையோரத்தில் நட்டிருக்கிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை, கீழே கிடப்பதைத் தின்னாதவரை. காய்ந்து நார் மட்டும் மிஞ்சிய காய் தண்ணீரில் மிதந்து கடற்கரையில் ஒதுங்கும். பிள்ளைகள் பந்து என்று எடுத்து விளையாடுவார்கள்.

மாவிலை என்று கண் ஏமாந்தாலும் மூக்கு ஏமாறாது. மாவிலையைக் கசக்கினால் மாங்காய் வாசம் வரும். உதளையைக் கிள்ளினால் பால்தான் வரும்.

மல்லிகைச் சரம் · சனி, இரவு 8.02

அரளி என்ற சொல் வந்ததால் நானும் வருகிறேன். தேக்கா பக்கம் பூக்கடையில் பதினெட்டு வருடமாக மாலை கட்டுகிறேன். செவ்வரளி இல்லாமல் செவ்வாய்க்கிழமை இல்லை. முருகனுக்கு, அம்மனுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். காம்பைக் கிள்ளும்போது கசிகிற பால் விரலிடுக்கில் ஒட்டி, மத்தியானத்துக்குள் தோல் எரியும். அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அரளி கட்டிய கையோடு யாரும் தேநீர்க் குவளையைத் தொடக் கூடாது. முதலில் சவர்க்காரம், அப்புறம்தான் தேநீர். புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒரு நாள் பல்லால் நாரைக் கடித்து இழுத்தாள். நான் போட்ட சத்தத்தில் வாடிக்கையாளர் ஓடிவிட்டார்.

2024 மே மாதத்தில் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவசம் வாரியமும் மலபார் தேவசம் வாரியமும் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி கூடாது என்று நிறுத்திவிட்டன. பூஜைக்கு மட்டும் உண்டு. நான் அதைப் படித்த அன்றிலிருந்து, வீட்டுப் பூஜைக்கு உதிரிப்பூ கேட்பவர்களுக்கு அரளியையும் துளசியையும் ஒரே பொட்டலத்தில் போடுவதில்லை. துளசியை வாயில் போடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது, அதனால்.

புக்கிட் பாத்தோக் பாலா · சனி, இரவு 8.15

அப்படியானால் இங்கேயும் கோயிலில் அரளியை மொத்தமாக நிறுத்திவிட வேண்டியதுதானே அக்கா? எதற்கு வம்பு?

மல்லிகைச் சரம் · சனி, இரவு 8.21

தம்பி, மாலையில் இருக்கிற அரளி யாரையும் கடிக்காது. சாமிக்குச் சாத்துகிற பூவைச் சாப்பாட்டுத் தட்டில் வைக்காமல் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் நெடுஞ்சாலை நடுத்திட்டு முழுக்க அரளிதானே நிற்கிறது, ஆடு மாடு வாய் வைக்காது என்பதற்காக. ஆட்டுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியக் கூடாதா?

கொசு வேட்டை · சனி, இரவு 8.40

குன்றிமணி, அரளி என்று பெரிய பெரிய வில்லன்களாகப் பேசுகிறீர்கள். அந்த அரளிச் செடித் தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு இருக்கிறதே, அதில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா? 2020இல் மட்டும் இந்தத் தீவில் டெங்கி கண்டவர்கள் 35,000 பேருக்கு மேல். அதைப் பரப்புகிற கொசு காலில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு ‘நான் பாட்டுக்குப் போகிறேன்’ என்று பறக்கும். எனக்கு இரண்டு தடவை வந்தாயிற்று.

ஈசூன் தேன்மொழி · சனி, இரவு 9.55

மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். குழந்தை நன்றாக இருக்கிறாள். இரத்தப் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். கரி கரைத்த மருந்து கொடுத்தார்கள். உதடெல்லாம் கறுப்பாகி, கோபத்தில் என்னோடு பேசவில்லை. தாதி விதைப் பையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, “சாகாவா?” என்று கேட்டார். இல்லை, கறுப்புக் கண் இருக்கிறது பாருங்கள் என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இரவு இங்கேதான். அம்மா இன்னும் எடுக்கவில்லை. தம்பி குமரன், நன்றி.

நீங்கள் பேசுவதை நிறுத்தாதீர்கள். தூக்கம் வராது, படித்துக்கொண்டாவது இருக்கிறேன்.

ஜூரோங் ஜமால் · சனி, இரவு 10.30

தேன்மொழி லாத்தா, துஆ செய்கிறேன். தூக்கம் வராதவருக்குத் துணையாக ஒரு கதை, இது நல்லபடியாக முடிந்தது.

அத்தாவுக்கு வாரத்துக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, எங்களுக்கு எல்லாம் மனப்பாடம். ஒரு பெருநாள் மறுநாள் பழைய கூட்டாளி வீட்டுக்குப் போனார். அவர் தோட்டத்தில் பிளிம்பிங், அதாவது நட்சத்திரப்பழ மரம். குறுக்கே வெட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் விழுமே, அந்தப் பழம்தான். அன்பாக ஒரு குவளைச் சாறு பிழிந்து கொடுத்தார். இனிப்பில்லாத பழம், சர்க்கரைக்கு நல்லது என்று இரண்டு பேருக்கும் நம்பிக்கை.

இரவு விக்கல் பிடித்தது. தண்ணீர் குடித்தார், மூச்சை அடக்கினார், உம்மா யாரோ உங்களை நினைக்கிறார்கள் என்று சிரித்தார். விக்கல் நிற்கவே இல்லை. விடியற்காலையில் என்னைப் பார்த்து என் பெரியப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெரியப்பா இறந்து ஒன்பது வருடம். அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, “நட்சத்திரப்பழம் சாப்பிட்டாரா?” என்பதுதான். உடனே இரத்தத்தைச் சுத்திகரித்தார்கள், இரண்டு நாளில் தெளிந்துவிட்டார்.

அந்தப் பழத்தில் மூளை நரம்பைச் சீண்டுகிற ஒரு பொருள் இருக்கிறதாம். நல்ல சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்றிவிடும், கெட்ட சிறுநீரகத்தால் முடியாது. அதற்குக் காரம்பாக்சின் என்று பெயர் வைத்து 2013இல்தான் பிரேசில்காரர்கள் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். சந்தையில் அடுக்கி வைத்திருக்கும் பழம். நானும் நீங்களும் தின்றால் ஒன்றுமில்லை. அதனால்தான் யாரும் எச்சரிப்பதில்லை.

ஈசூன் தேன்மொழி · சனி, இரவு 10.48

என் மாமனாருக்கும் சிறுநீரகக் கோளாறு இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. இப்போதே என் கணவருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

நேவல்பேஸ் தாத்தா · ஞாயிறு, காலை 6.10

கிழவன் காலையில் எழுந்ததும் இழை முழுவதையும் படித்தேன். பேத்தி நலமாக இருப்பாள் தாயே.

குன்றிமணி, மஞ்சாடி இரண்டையும் ஒன்றாக நினைத்தேன் என்று பாலா எழுதியதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். எங்கள் காலத்தில் அந்தக் குழப்பம் வந்தால் பொன்னே பறிபோய்விடும். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தட்டான் தராசில் வைத்த கணக்கு அது. மஞ்சாடி நாலு வைத்தால் ஏறக்குறைய ஒரு கிராம் வரும், வேண்டுமானால் நிறுத்துப் பாருங்கள். ‘வீட்டில் குண்டுமணித் தங்கம் இல்லை’ என்று அங்கலாய்க்கிற பெண்களில் எத்தனை பேர் குண்டுமணியைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

நான் செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவன். அப்பா அங்கே வேலை. அம்மா ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தவர். சமாதானம் வந்து இருபது வருடம் ஆன பின்பும், மரவள்ளிக் கிழங்கை அவர் சமைக்கிற முறை மாறவில்லை. தோலை உரிப்பார் என்று சொல்லக் கூடாது, சீவி எறிவார். உள்தோல் இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் விடமாட்டார். துண்டு போட்டு ஊறவைப்பார், அந்தத் தண்ணீரைக் கொட்டுவார். வேகும்போது சட்டியை மூட விடமாட்டார். நான் ஒரு நாள் மூடியை எடுத்து வைத்தேன் என்று அகப்பையால் வாங்கியிருக்கிறேன். கசந்தால் துப்பு என்பார், அடுத்த துண்டைத் தொடாதே என்பார். சயனைடு என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை போனது மட்டும் தெரியும்.

இங்கே பெரானாக்கன் (சீன, மலாய் மரபுகள் கலந்த) வீடுகளில் புவா கெலுவாக் என்று ஒரு கொட்டை சமைப்பார்கள். கறுப்பாக, எண்ணெய்ப் பதமாக, கோழிக் குழம்பில் போடுவது. அதிலும் அதே சயனைடுதான். வேகவைத்து, சாம்பலும் மண்ணுமாகப் புதைத்து நாற்பது நாள் போட்டு எடுப்பார்கள். அப்புறமும் சமைக்கும் முன் நாள் கணக்கில் ஊறப்போடுவார்கள். என் கூட்டாளியின் அம்மா அதைத் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மா மரவள்ளி சீவுகிற அதே முகம்.

புக்கிட் பாத்தோக் பாலா · ஞாயிறு, காலை 8.35

தாத்தா, என் மனைவி சேப்பங்கிழங்கை உரிக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வதும், கருணைக்கிழங்கைப் புளித்தண்ணீரில் வேகவைப்பதும் இப்போதுதான் புரிகிறது. ஒரு தடவை நான் அவசரத்தில் புளி போடாமல் செய்து, நாக்கு காறித் தொண்டை அடைத்து, பாதி நாள் பேச்சே வரவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்ததாம்.

மருந்தாளர் குமரன் · ஞாயிறு, காலை 9.10

அந்தக் காறல், கிழங்கில் இருக்கிற கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால் வருவது. ஊசி என்றால் உவமை இல்லை, நுண்ணோக்கியில் பார்த்தால் நிஜமாகவே கட்டுக்கட்டாக ஊசிதான். அதே ஊசியை உங்கள் நடைவழியிலும் பார்க்கலாம் அண்ணே. வீவக (அரசு வீடமைப்புக் கழக) புளோக்குகளில் மாடிக்கு ஒரு தொட்டியாவது இருக்கும், பெரிய பச்சை இலையில் வெள்ளை தெளித்தது போல இருக்குமே, டிஃபன்பாக்கியா. சேம்பின் பங்காளி. தவழ்கிற பிள்ளை அந்த இலையை மென்றால் நாக்கும் உதடும் வீங்கிக் குரல் அடைத்துவிடும். வாயைத் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுக்கலாம். மூச்சுவிடச் சிரமப்பட்டால் தாமதிக்கக் கூடாது.

கடலோரக் கால் · ஞாயிறு, காலை 10.25

தரையில் இருப்பதைப் பற்றியே பேசினால் எப்படி? நீர் வற்றும் நாள்களில் சாங்கியிலும் உபின் தீவின் செக் ஜாவா பக்கமும் சேற்றில் நடக்கிறவன் நான். தன்னார்வ வேலை.

கல்மீன் என்று ஒன்று. எழுந்து நகர்ந்தால் ஒழிய அது மீன் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். பாசி படிந்த கல், அவ்வளவுதான். முதுகில் பதின்மூன்று முள், ஒவ்வொன்றின் அடியிலும் நஞ்சுப் பை. மிதித்தால் அழுத்தத்திலேயே ஏறிவிடும். என்னோடு வந்த ஒருவர் ரப்பர்ச் செருப்போடு மிதித்தார். மெலிந்த மனிதர், சத்தமே வராத ஆள். அன்று அவர் போட்ட கூச்சலில் கொக்குகள் பறந்துவிட்டன. தாங்கக்கூடிய அளவுக்குச் சூடான தண்ணீரில் காலை வைத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சூட்டில் அந்த நஞ்சு செயலிழக்கும், வலியும் இறங்கும். கொதிநீரை ஊற்றிக் காலை அவித்துவிடாதீர்கள். அன்று முதல் கெட்டி அடிப்பாகம் உள்ள காலணி இல்லாமல் யாரையும் இறக்குவதில்லை.

இன்னொன்று கூம்புச் சங்கு. கோலம் போட்டது போல ஓடு, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். உள்ளே உயிர் இருந்தால் மூக்குப் பக்கமிருந்து ஈட்டி வரும். பெரிய இனங்கள் ஆளையே கொன்றிருக்கின்றன. அதன் நஞ்சைப் பார்த்துச் செய்த ஒரு வலி மருந்துக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்தாளருக்குத் தெரிந்திருக்கும். கடற்கரையில் என் விதி ஒன்றே ஒன்று: அழகாக இருந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்.

துவாஸ் முருகன் · ஞாயிறு, காலை 11.02

அண்ணே, பேத்தை மீன் இங்கே உண்டா? ஊரில் வலையில் வந்தால் காலால் உதைத்துக் கடலிலேயே தள்ளுவோம்.

கடலோரக் கால் · ஞாயிறு, காலை 11.20

உண்டு தம்பி. உதைப்பதுதான் சரி. 2023 மார்ச்சில் ஜொகூரில் குளுவாங் பக்கம் எண்பது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் பேத்தை மீனைச் சமைத்துச் சாப்பிட்டு இறந்துபோனார்கள். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு போகாது. அதே நஞ்சு சதுப்புநிலத்துப் பெலாங்காஸிலும் உண்டு, குதிரைலாடம் போல ஓடு இருக்குமே, அது. கடலோரப் பெலாங்காஸின் வால் முக்கோணம், சதுப்புநிலத்ததன் வால் உருண்டை. முட்டைக்காகத் தின்கிறவர்கள் தடவிப் பார்த்துப் பிரிப்பார்கள். இருட்டில் தடவித் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கொசு வேட்டை · ஞாயிறு, மதியம் 12.05

நீர்நாயை ஏன் எல்லோரும் விட்டுவிட்டீர்கள்? குடும்பம் குடும்பமாகச் சாலையைக் கடந்தால் காரை நிறுத்திக் கைதட்டுகிறோம். 2021 நவம்பர் கடைசியில் தாவரவியல் பூங்காவில் காலை நடைக்குப் போன ஒருவரைக் கூட்டமாகச் சேர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட இடத்தில் கடித்துவிட்டது. குட்டி இருந்தால் பத்தடி தள்ளியே நில்லுங்கள்.

மல்லிகைச் சரம் · ஞாயிறு, மதியம் 12.30

தேவாங்கும் இந்த ஊர்க் காட்டில் இருக்கிறதாமே? என் மகன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டினால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறது. வளர்க்கலாமா என்கிறான்.

கடலோரக் கால் · ஞாயிறு, மதியம் 12.41

அக்கா, அது சுகத்தில் தூக்கவில்லை, பயத்தில் தூக்குகிறது. மேல்கையின் உட்பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதை நக்கி எச்சிலோடு கலந்தால் கடி நஞ்சாகிவிடும். பாலூட்டிகளில் நஞ்சுள்ளவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதில் இது ஒன்று. கடிபட்டு ஒவ்வாமையில் மூச்சு முட்டிப் படுத்தவர்கள் உண்டு. வளர்ப்பது இங்கே சட்டப்படி குற்றமும்கூட. அவ்வளவு அருமையான உயிரை மகன் படத்தில் மட்டும் பார்க்கட்டும்.

ஈசூன் தேன்மொழி · ஞாயிறு, மாலை 4.15

வீட்டுக்கு வந்துவிட்டோம். இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. வாந்தியோ காய்ச்சலோ வந்தால் நொடியில் திரும்பி வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை ரொட்டியும் மைலோவும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் இன்னும் சாப்பிடவில்லை.

மருந்தாளர் குமரன் · ஞாயிறு, மாலை 4.22

அக்கா, இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருங்கள். நீங்களும் சாப்பிடுங்கள்.

ஈசூன் தேன்மொழி · ஞாயிறு, இரவு 9.30

அம்மா கிள்ளானிலிருந்து கூப்பிட்டார். சித்தி வீட்டில் கைப்பேசி மின்னேற்றியை மறந்துவிட்டாராம். நடந்ததை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “குன்றிமணி எழுபது என்று உனக்கு யார் சொன்னது?”

1981இல் சிதம்பரம் கப்பலில் வந்தபோது, பொழுது போகாமல் மேல்தளத்தில் பல்லாங்குழி ஆடியிருக்கிறார்கள். கப்பல் சாய்ந்ததில் ஒரு குன்றிமணி உருண்டு கடலுக்குப் போய்விட்டது. இங்கே வந்த முதல் வாரம் புளோக்குக்குக் கீழே ஒரு சாகா விதையைப் பொறுக்கி அம்மா கணக்கைச் சரிசெய்திருக்கிறார். நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் பையில் இருந்தது அறுபத்தொன்பது குன்றிமணியும் ஒரு மஞ்சாடியும்.

போய் மீண்டும் கொட்டிப் பார்த்தேன். அறுபத்தொன்பதுக்கும் கறுப்புக் கண் இருக்கிறது. நேற்று மூன்று முறை எண்ணினேனே தவிர, ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

சின்னவளை மடியில் உட்காரவைத்துக் கேட்டேன். அழாமல் எழுந்து போய்ப் பள்ளிப்பையிலிருந்து ஒரு ஜாம் குப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். புளோக்குக்குக் கீழே மாதக்கணக்கில் பொறுக்கிய சாகா விதைகள். தொண்ணூற்றொன்பதோடு நின்றுபோயிருக்கிறது. பாட்டியின் பலகையில் ஒன்று தனியாகக் கண் இல்லாமல் கிடப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டாள். “குன்றிமணியை எடுக்கவில்லை என்று சொன்னேன்தானே” என்றாள்.

குன்றிமணியை எல்லாம் திருகு மூடிக் குப்பியில் அடைத்துச் சாமி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். தூக்கிப் போட அம்மா விடமாட்டார். பல்லாங்குழிக்கு இனிப் புளியங்கொட்டைதான், காயப்போட்டிருக்கிறேன்.

நூறு சேர்த்து என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். கறுப்பு மருந்து குடிக்கும்போதே அந்த வேண்டுதலைச் செலவழித்துவிட்டாளாம்.